கரண்டி மிஷினில் போட்ட காசுகள்

கரண்டிக்கும் காசுக்கும் வித்தியாசம் தெரியாத மிஷின் அது. அதைத் திட்டிப் பிரயோஜனமில்லை. எதைப் போட்டாலும் சோப்புத் தண்ணீரிலும் எஃகுக் குண்டுகளிலும் உருட்டு உருட்டென்று உருட்டி, முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்கிற அளவுக்குப் பளபளவென்று வெளியே தள்ளும். பெரிய ஓட்டல்களில் விருந்து முடிந்ததும் கரண்டிகளெல்லாம் அதற்குள்தான் போகும்.

போன வாரத் தொடரில் அதற்குள் போனவை மாமனாரின் பழங்காசுகள்.

வெளியூர் போய்விட்டு இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் மருமகள் ஓட்டலில் இரவு ஷிப்ட் பார்ப்பவள். இந்த வீட்டுக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. மாமனாருக்குப் பல் செட் செய்யும் லேபில் வேலை. ஆனால் அவரை யாரும் பல் செட்காரர் என்று சொல்வதில்லை, காசுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பழங்காசு சேர்ப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். நாளை சங்கத்தின் கண்காட்சி. "எல்லாம் மங்கிப் போய்க் கிடக்கு" என்று அவர் சலித்துக்கொண்டதை மருமகள் கேட்டாள். அவர் சட்டைப்பையை விட்டு இறங்காத காசு ரூம் சாவி டிவி பக்கத்தில் கிடந்ததைப் பார்த்தாள். கதவைத் திறந்து, மேஜை மேலிருந்த கண்காட்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேற்று ராத்திரி வேலைக்குப் போய்விட்டாள். மாமனாரை அசத்திவிட வேண்டும் என்று ஆசை.

இன்று சனிக்கிழமை. காலையில் மாமனார் லேபுக்குக் கிளம்பிப் போன பிறகு வந்து, சாப்பாட்டு மேஜையில் துணிப்பையைக் கவிழ்த்து, "எப்படி அத்தை?" என்றாள். மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கேதான் விட்டோம். இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

"அத்தை, பிடிக்கலையா?"

"அம்மாடி, இதையெல்லாம் எதுல போட்ட?"

"ஓட்டல்ல கரண்டி மிஷின்ல அத்தை. ரெண்டு தடவை ஓட்டினேன். முதல் தடவை அவ்வளவு சுத்தமா வரலை."

"ரெண்டு தடவையா!"

மாமியார் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடி பவர் பார்க்கிறவர். எத்தனையோ பேரை உட்கார வைத்து, "இது தெரியுதா, இது தெரியுதா" என்று கேட்டவர். இப்போது ஒரு காசைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ராஜா முகம் இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

"ஐயையோ, மூக்கையே காணோமே!"

பழங்காசுக்காரர்கள் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்களுக்குத்தான் இதன் கொடுமை புரியும். பழங்காசைக் கழுவவே கூடாது. அதன் மேல் வருஷக்கணக்காகப் படிந்த கறுப்பும் பச்சையும்தான் அதற்கு மரியாதை. கையுறை போட்டுக்கொண்டு ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும். புதுப்பெண்ணாக வந்தபோது மாமியார் ஒரு காசை ஈரத்துணியால் துடைத்துவிட்டார். அதற்கே மனிதர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதோடு முடிந்ததா? ஈரக்காற்று காசுக்கு ஆகாதாம். அதனால் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்கக்கூடாது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் துணி காயப்போடக்கூடாது. ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிறவர் ஆசையாக ஒரு மணி பிளான்ட் கொடுத்தார். அதுவும் வாசலோடு திரும்பிப் போயிற்று. ஒரு பூந்தொட்டிகூட இல்லாமல் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார் மாமியார். செடி என்றால் அவருக்கு உயிர்.

எல்லாவற்றையும் கேட்டு மருமகளின் முகம் வெளுத்துப்போனது.

"எனக்கு யாரும் சொல்லலையே அத்தை."

"கரண்டி மிஷின்ல போடாதேன்னு யாருக்குடி சொல்லத் தோணும்?"

மருமகள் அழ ஆரம்பித்தாள். சும்மா அழவில்லை, தேம்பித் தேம்பி அழுதாள். அவளுக்கு ஏன் அவ்வளவு பயம் என்று நமக்குத் தெரியும். கல்யாணத்தின்போதே "ஓட்டல்ல ராத்திரி வேலை பார்க்கிற பொண்ணா?" என்று மூக்கைச் சுளித்த சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ரயில் ஓட்டுகிற அவள் புருஷன்தான் ஒற்றைக்காலில் நின்று கட்டிக்கொண்டான். அவனும் இப்போது டூட்டியில் எங்கேயோ இருக்கிறான், நாளைக் காலைதான் வருவான். மாமனாரின் காசை அழித்தவள் என்று ஒரு பேர் வந்துவிட்டால் இந்த வீட்டில் அவள் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்?

"அவர் என்கிட்ட சேர்ந்தாப்பல நாலு வார்த்தை பேசினதில்லை அத்தை. ஒரு தடவையாவது நல்லா இருக்கும்மான்னு சொல்வார்னு நினைச்சேன்."

மாமியார் முந்தானையை எடுத்து நீட்டினார். "சரி, கண்ணைத் துடை. நானே சொல்றேன். நீ வாயைத் திறக்காதே."

மத்தியானம் காசுக்காரர் வந்தார். மாமியார் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தார். பிரஷர் மாத்திரை ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "சத்தம் கேட்டா பயந்துக்காதீங்க" என்றுகூடச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

காசுக்காரர் கைவிரலில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். மாமியார் மென்று விழுங்கிச் சொல்லி முடித்தார். மருமகள் சமையலறைக் கதவோடு கதவாக நின்றாள்.

காசுக்காரர் ஒரு காசை எடுத்தார். வெறும் கையால் எடுத்தார்!

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவாயில்லையே, நல்லா மின்னுது" என்றார். காசை மேஜையில் போட்டார். "சாப்பாடு ஆச்சா?"

மாமியாருக்குக் காது கேட்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

"என்னங்க, நான் சொன்னது புரிஞ்சுதா? மிஷின்ல போட்டுட்டா. கரண்டி மிஷின்."

"புரிஞ்சுது. பசிக்குது."

மாமியார் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. "இடது கையைத் தூக்குங்க" என்றார். தூக்கினார். "சிரிங்க, பார்க்கலாம்." சிரித்தார். வாய் கோணவில்லை. பக்கவாதமும் இல்லை என்றானதும் மாமியாருக்கு இன்னும் பயமாகிவிட்டது. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இடி விழுமென்று காதைப் பொத்திக்கொண்டு நின்றவருக்கு, விழாமல் போனதுதான் பேரிடியாக இருந்தது.

மனிதர் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

"அழாதம்மா, போனா போகுது" என்று மருமகளைப் பார்த்துச் சொன்னார். ஐந்து மாதத்தில் அவர் அவளிடம் அவ்வளவு கனிவாகப் பேசியதில்லை. "மாமா!" என்று அவள் மறுபடி அழுதாள், இந்தத் தடவை சந்தோஷத்தில். ராத்திரி மறுபடி வேலைக்குப் போக வேண்டுமே, கொஞ்சம் படுக்கிறேன் என்று தன் அறைக்குப் போனாள்.

மாமியாருக்குத்தான் மனசு ஒரு நிலையில் இல்லை. சாயங்காலம் காய்ந்த துணிகளை எடுக்கப் பால்கனிப் பக்கம் போனார். அங்கே காசுக்காரர் திரும்பி நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். சங்கத்துச் செயலாளரோடு என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது.

"ஆமா சார், எல்லாம் போச்சு. என்னத்தைச் சொல்ல... மருமகதான். விவரம் தெரியாத பொண்ணு. மிஷின்ல போட்டு அழிச்சிட்டா... இல்ல சார், இனிமே மனசு ஒப்பாது. இத்தோட விட்டுடறேன். தலைவர் பதவிக்கும் வேற ஆளைப் பாருங்க... என்ன செய்றது சார், வீட்டுப் பொண்ணாச்சே, திட்டவா முடியும்?"

குரல் தழுதழுத்தது. மாமியாருக்கே கண் கலங்கிவிட்டது. பாவம், நம் எதிரில் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார் என்று நினைத்தார்.

காசுக்காரர் ஃபோனை வைத்தார். கைகளை மேலே தூக்கி ஒரு தடவை நன்றாகச் சோம்பல் முறித்தார். பிறகு விசில் அடித்தார்!

மாமியார் கையிலிருந்த துணியெல்லாம் கீழே விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் விசில் அடித்து அவர் கேட்டதில்லை. உயிருக்கு உயிரான காசெல்லாம் போன அன்றைக்கா விசில் வரும்?

ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே திரும்பினார். காசு ரூம் கதவில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அறைக்குள் அவர் காலை வைத்தே வருஷங்கள் ஆகின்றன. பெருக்குவதுகூடக் காசுக்காரர்தான். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், தூக்கம் வருகிற வரைக்கும் லென்சும் கையுமாக அங்கேதான் இருப்பார்.

மாமியார் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். மர அலமாரியில் வரிசை வரிசையாக இழுப்பறைகள். ஒன்றை இழுத்தார். உள்ளே காசு வைக்க வட்ட வட்டமாகக் குழி வெட்டிய தட்டு இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தட்டு இருந்தது, குழிகளும் இருந்தன. ஒவ்வொரு குழியிலும் காசுக்குப் பதிலாக ஒரு பச்சை வட்டம் இருந்தது. தொட்டுப் பார்த்தார். சில்லென்று ஈரமாக இருந்தது.

"ஐயோ!" என்று கத்திவிட்டார்.

அடுத்த இழுப்பறையிலும் பச்சை. அதற்கடுத்ததிலும் பச்சை. கரும்பச்சை, இளம்பச்சை, மஞ்சள் கலந்த பச்சை. மூலையில் தண்ணீர் தெளிக்கிற பாட்டில் ஒன்று நின்றது. கீழே ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதைத் தூக்கினால் கலகலவென்று சத்தம். மீதிக் காசெல்லாம் அதற்குள் குப்பையாகக் கிடந்தது.

காசுக்காரர் வாசலில் வந்து நின்றார். விசில் நின்றிருந்தது.

"என்னங்க இது?"

"பாசி."

"பாசின்னா?"

"சுவத்துல, குழாயடியில எல்லாம் படியுமே, அது."

"நம்ம வீட்டு பாத்ரூம்ல நான் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவறேனே, அதா?"

"அது வேற ஜாதி. அதுவும் ஒண்ணு இருக்கு, மூணாவது தட்டுல."

மாமியார் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கு இரண்டாம் தடவை.

"எத்தனை நாளா நடக்குது?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

இரண்டு வருஷம்! தினமும் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிற மனிதர். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிற மாமியார், சொந்த வீட்டில் ஓர் அறை முழுக்கப் பச்சையாகிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. மாமியாருக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

காசுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ரொம்ப நாளா தேடிட்டு இருந்த காசு ஒண்ணு கைக்கு வந்துச்சு. ஞாபகம் இருக்கா, நீகூட பாயசம் வெக்கவான்னு கேட்டியே. உள்ள வந்து லென்சு வெச்சுப் பார்த்தேன். ஒண்ணுமே தோணலை. சரி, கிடைச்சிடுச்சுன்னு தோணுச்சு. அவ்வளவுதான். மறுநாள் பார்த்தேன், அப்பவும் ஒண்ணுமில்லை. ருசி விட்டுப்போச்சு. பிடிக்காத சாப்பாட்டை வாயில வெச்சுக்கிட்டு முழுங்க முடியாம உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்துச்சு."

"அப்புறம்?"

"லேப் பின்பக்கச் சுவத்துல ஒரு நாள் சும்மா லென்சு வெச்சுப் பார்த்தேன். ஐயோ, நீ பார்க்கணும்! உள்ள ஒரு காடே இருக்கு. காஞ்சு சுருண்டு செத்த மாதிரி கிடக்கும். ரெண்டு சொட்டு தண்ணி விட்டா கண்ணெதிர்லயே விரியும். காசுல இருக்கிற ராஜா என்னிக்கும் அதே மூஞ்சிதான். இது நேத்து இருந்தாப்பல இன்னிக்கு இருக்கறதில்லை."

சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிட்டது. மாமியார் பல்லைக் கடித்தார்.

"எனக்கு ஒரு பூந்தொட்டி வெக்க விட்டீங்களா? ஒரே ஒரு தொட்டி?"

அவர் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலைக் காலால் அலமாரிப் பக்கம் தள்ளினார்.

"ஜன்னலைத் திறக்க விட்டீங்களா? இந்த ரெண்டு வருஷத்துலயாவது 'இனிமே திறந்துக்கோ'ன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அதனாலதான் சொல்ல முடியலை. இத்தனை வருஷம் உன்னை அடக்கி ஒடுக்கி வெச்சிட்டு, இப்ப எனக்கே பிடிக்கலைன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்வேன்? சங்கத்துல தலைவர்னு உட்கார வெச்சிருக்காங்க. நாலு பேர் காசுக்காரர்னு கூப்பிடறாங்க. வெட்கமா இருந்துச்சு."

மாமியார் எழுந்து அவர் எதிரில் போய் நின்றார். அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. 

"சாவியை நீங்க மறந்து வெக்கலை."

காசுக்காரர் கதவில் தொங்கிய சாவியைப் பார்த்தார்.

"அவ காதுபட எல்லாம் மங்கிக் கிடக்குன்னு சொன்னீங்க. சாவியையும் வெச்சிட்டுப் போனீங்க. அப்படித்தானே?"

"ஏதோ சோப்பு போட்டுக் கழுவுவான்னு நினைச்சேன். அதைக் காரணமா வெச்சு, மனசு விட்டுப்போச்சுன்னு சொல்லி ஒதுங்கிடலாம்னு... சத்தியமா மிஷின்ல போடுவான்னு தெரியாது!"

மாமியார் தலையில் கையை வைத்துக்கொண்டார். முரட்டு மனிதர் என்று நினைத்ததுண்டு, பிடிவாதக்காரர் என்று புலம்பியதுண்டு. இவ்வளவு கோழை என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"உங்களுக்கு ருசி விட்டதுக்கு அந்தப் பொண்ணு பழி சுமக்கணுமா? காலையில அவ அழுத அழுகையை நீங்க பார்க்கலை. அவளுக்குத்தானே இந்த வீட்ல நிக்க இடம் இல்லாமப் போகும்? செயலாளர் சார்கிட்ட நீங்களே உண்மையைச் சொல்லணும். இன்னிக்கே சொல்லணும்."

"சொல்றேன், சொல்றேன். ரெண்டு நாள் போகட்டும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வாசல் மணி அடித்தது.

வந்தது செயலாளர்தான். தபால் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இழவு வீட்டுக்கு வருகிறவர் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். காசுக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மேஜை மேலிருந்த பளபளக் காசுகளைப் பார்த்ததும் அவருக்கு நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது.

"நெஞ்சு வெடிக்குது சார். நீங்க ஃபோனை வெச்ச உடனே நம்ம சங்கத்து வாட்ஸ்அப் குரூப்ல விஷயத்தைப் போட்டுட்டேன். எல்லாரும் அழற பொம்மையா போட்டுத் தள்ளிட்டாங்க."

மருமகள் வேலைக்குக் கிளம்பிய உடையில் டீ கொண்டுவந்து வைத்தாள். செயலாளர் டீயைத் தொடவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானாம்மா அது? படிச்ச பொண்ணுதானே? ஒரு மனுஷன் ஆயுசு முழுக்கச் சேர்த்தது. கை வெக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

மாமியார் புருஷனைப் பார்த்தார். காசுக்காரர் டீயைப் பார்த்தார்.

"ஆமா சார், நான்தான்" என்றாள் மருமகள். அழவில்லை. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த மூன்று வார்த்தை காசுக்காரரை என்னவோ செய்துவிட்டது. முகம் கறுத்தது. "அவ இல்ல சார்" என்றார். "நான்தான். எனக்கு இதுல பிடிப்பு விட்டு ரெண்டு வருஷமாச்சு. சாவியை வேணும்னேதான் வெச்சிட்டுப் போனேன்."

செயலாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"என்ன மனசு சார் உங்களுக்கு! மருமகளை விட்டுக்கொடுக்காம பழியைத் தன் மேல போட்டுக்கறீங்களே!"

"இல்ல சார், நிஜமாவே..."

"போதும் சார். உங்களுக்கா பிடிப்பு விடும்? யார்கிட்ட சொல்றீங்க? பார்த்துக்கோம்மா, இப்படி ஒரு மாமனார் கிடைக்க நீ கொடுத்து வெச்சிருக்கணும். நாளைக்கு மேடையில இதைச் சொல்லப்போறேன் நான்."

கெட்டது குடி! உண்மையைச் சொன்னால் அதற்கும் அவருக்குத்தான் மாலை, அவளுக்குத்தான் வசவு. காசுக்காரர் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். மாமியார் கண்ணாலேயே காசு ரூம் கதவைக் காட்டினார்.

காசுக்காரர் மெல்ல எழுந்தார். "வாங்க சார், உள்ள வந்து பாருங்க" என்று அவரே இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தார். பிஸ்கட் டப்பாவையும் எடுத்துக் காட்டினார்.

செயலாளர் ஒரு குழிக்குள் விரலை விட்டார். ஈர விரலை வெளியே எடுத்துப் பார்த்தார். கைக்குட்டையில் துடைத்துவிட்டு மறுபடி குழியைப் பார்த்தார்.

"காசுப் பெட்டிக்குள்ள தண்ணியா?" என்றார் கடைசியில். "நீங்களேவா ஊத்தினீங்க?"

"நானேதான்."

அதற்கு மேல் அவர் அங்கே நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொள்ளும்போது மருமகள் பக்கம் திரும்பி, "மன்னிச்சிடும்மா, ஆள் தெரியாம பேசிட்டேன்" என்றார். படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

காசுக்காரர் பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் போல நாற்காலியில் சாய்ந்தார். "சொல்லிட்டேன், போதுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

பதில் மருமகளிடமிருந்து வந்தது.

"மாமா, நீங்க பால்கனியில ஃபோன் பேசினப்போ நான் தூங்கலை. என் ரூம் ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு."

காசுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"விசிலும் கேட்டுச்சு. அப்புறம் நீங்களும் அத்தையும் பேசினதும் கேட்டுச்சு." அவள் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "போனா போகுதுன்னு நீங்க சொன்னப்போ எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? என் அப்பா மாதிரின்னு நினைச்சேன். அந்த சார் என்னைத் திட்டினப்போ நீங்க உடனே சொல்வீங்கன்னு பார்த்தேன். நீங்க டீயைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

"அம்மாடி..." என்று மாமியார் கிட்டே போனார்.

"உங்க மேல ஒண்ணுமில்லை அத்தை. காலையில உங்க பையன் டூட்டி முடிஞ்சு வருவார். நடந்ததை மாமாவே அவர்கிட்ட சொல்லட்டும். அப்புறம் அவரை எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் ஓட்டல்லயே எங்க ஸ்டாஃப் ரூம்ல இருந்துக்கறேன். நானா சொன்னா, மாமனார் மேல பழி போடறேன்னு ஆயிடும்."

கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வரவில்லை.

மாமியார் திரும்பிப் புருஷனைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. "சொல்றேன்" என்று அவர் தானாகவே சொன்னார். "காலையில முதல் வார்த்தை அதுதான்."

அந்த நேரம் பார்த்து அவர் ஃபோன் அடித்தது. மகன்.

"அப்பா, வழியில ஸ்டேஷன்ல வண்டி நிக்குது, அதான் பேசறேன். உங்க சங்கத்துல இருக்கிற நம்ம சித்தப்பா அந்த குரூப் மெசேஜை அனுப்பியிருக்கார். நிஜமாப்பா? எல்லாத்தையும் அழிச்சிட்டாளாமே?"  சின்ன வயதில் அந்தக் காசுகளைத் தொட ஆசைப்பட்டு அடி வாங்கியவன் அவன். "உங்ககிட்ட நான் எப்படிப்பா முழிப்பேன்? அவளைக் கட்டுவேன்னு அடம்பிடிச்சவன் நான்தானே?"

"டேய், அது அப்படி இல்லடா, நான்..."

"நீங்க அவளுக்காக ஒண்ணும் பேச வேண்டாம். நானே அவகிட்ட கேட்டுக்கறேன்."

வைத்துவிட்டான். காசுக்காரர் திருப்பி அடித்தார். மகனின் லைன் பிஸியாக இருந்தது.

கீழே படிக்கட்டில் ஒரு ஃபோன் அடிக்கிற சத்தம் கேட்டது.

"ஓடுங்க!" என்று மாமியார் கத்தினார்.

காசுக்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். "எடுக்காதம்மா! எடுக்காதே!" என்று மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி கூவிக்கொண்டே இறங்கினார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மாமியார் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார்.

பாதி மாடி இறங்குவதற்குள் ஃபோன் அடிப்பது நின்றுவிட்டது. "சொல்லுங்க" என்று மருமகள் சொன்னது மேலே வரைக்கும் கேட்டது.